மெல்ல இழுத்த இரும்பு

எஸ்டேட் லைன், போடிமெட்டு வழி
8 ஜூலை 1956

அன்புள்ள தம்பி காசிராஜனுக்கு,

அக்கா அன்னக்கொடி எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் தினமும் மழையில் நனைந்தும் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம். கல்கத்தாச் சோறு உன் உடம்பில் ஒட்டுகிறதா என்று எழுது. போன கடிதத்தில் "சௌக்கியம்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டாய். அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டு தபால்காரர் இவ்வளவு உயரம் ஏறி வந்தார், பாவம்.

இங்கே ஒரு நல்ல செய்தி. "கன்னையா, இனிமே விஞ்சு ஒன் பொறுப்பு" என்று மானேஜர் மாமாவிடம் சொல்லிவிட்டார். நீ சிறுவயதில் அண்ணாந்து பார்த்து வாய் பிளந்து நின்ற அதே ரோப்புதான். உச்சியிலிருந்து அடிவாரம் வரை இரும்புக் கயிறு. அதில் கொக்கி போட்டுத் தொங்கும் தொட்டிகள். ஏலக்காய் மூட்டை கீழே போகிறது, அரிசி மூட்டை மேலே வருகிறது. கயிற்றை இழுக்கிற விஞ்சு மிஷினை ஓட்டுவதும் நிறுத்துவதும் இனி உன் மாமாவின் கையில். இந்த மனிதர் வீட்டில் ஒரு தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைக்க மாட்டார் என்பது மானேஜருக்குத் தெரியாது.

பழைய கொக்கிகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் கொக்கிகள் மாட்டியிருக்கிறார்கள். உங்கள் கல்கத்தாப் பக்கத்தில் செய்தவையாம். மாமா அவற்றுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. பக்கத்து வீட்டு வேலுத்தாயும் அவள் புருஷன் சுருளியும் கேலி செய்து சிரிக்கிறார்கள். சுருளிக்கு அடிவாரத்தில் தொட்டியில் அரிசி ஏற்றுகிற வேலை.

உன் உத்தியோகம் இரும்பை உடைப்பது என்று கேள்விப்பட்டதிலிருந்து மாமாவுக்கு ஒரு சந்தேகம். "ஒடைக்கிறதுக்கு எதுக்குடி சம்பளம்? இங்கன அனுப்புனா நம்ம பயலுக சும்மாவே ஒடைச்சுக் குடுப்பானுகளே" என்கிறார். கொஞ்சம் விளங்க எழுது.

அன்புடன்,
அக்கா அன்னக்கொடி


கல்கத்தா
2 ஆகஸ்ட் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

காசிராஜன் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். மீன் வாடையும் கடுகெண்ணெயும் பழகிவிட்டன. நீயும் மாமாவும் மழைக்குப் பத்திரமாக இருக்கிறீர்களா?

மாமாவின் கேள்வி நியாயமானது. எங்கள் சோதனைச் சாலையில் இரும்பை உடைப்பது அது எப்படி உடைகிறது என்று பார்க்கத்தான். இரும்பை மெருகேற்றி, அமிலம் தடவி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே மணிமணியாகத் தெரியும். நல்ல எஃகில் அந்த மணிகள் ரவையைவிட நுண்மையாக இருக்கும். மட்டமானதில் கல் உப்பாகப் பெருத்திருக்கும்.

ஒரு கம்பியை இயந்திரத்தில் பூட்டி, வெற்றிலை மென்று துப்புகிற நேரம் எடுத்து மெல்ல இழுத்தால் அது நீள்கிறது, இடுப்பு சிறுக்கிறது, பிறகுதான் அறுகிறது. அதே கம்பியை வெடுக்கென்று இழுத்தால் இரும்பு விறைத்துக்கொள்கிறது. வலு கூடுகிறது, ஆனால் நீளுகிற குணம் குறைந்துபோகிறது. நுண்மணி எஃகு அந்த வேகத்தையும் தாங்கிக்கொண்டு கொஞ்சமாவது வளைந்து காட்டும். பெருமணி எஃகு சொல்லாமல் கொள்ளாமல் ஒடிந்துவிடும். மெல்ல இழுக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வேகத்தில்தான் குட்டு உடையும்.

வேகத்தைக் கூட்டிக் கூட்டி இழுத்து, ஒவ்வொரு தடவையும் என்ன ஆகிறது என்று எழுதி வைப்பதுதான் என் வேலை. எங்கள் டைரக்டர் என்னிடம் பிரியமாக இருக்கிறார். மாமாவின் புதுக் கொக்கிகள் நுண்மணி எஃகாகத்தான் இருக்க வேண்டும், இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். கவலையில்லாமல் ஓட்டச் சொல்.

உன் தம்பி,
காசிராஜன்


எஸ்டேட் லைன்
16 டிசம்பர் 1956

தம்பி காசிராஜனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கக் கை வரவில்லை. சுருளி செத்துப் போனான். உன் மாமா கொன்றுவிட்டார் என்கிறார்கள்.

வியாழக்கிழமை காலையில் மூடுபனி. மேலே விஞ்சுக்குப் பக்கத்தில், கயிறு தாழ்ந்து போகிற இடத்தில், விறகுக் கட்டோடு ஒருத்தி குறுக்கே வந்துவிட்டாள். தொட்டி அவள் தலைக்கு நேரே போகிறது. மாமா பிரேக்கைப் பிடித்தார். கயிறு முழுக்க ஒரு குலுக்கு. அவள் தப்பிவிட்டாள். ஆனால் அடிவாரத்தில் அப்போதுதான் அரிசி ஏற்றி அனுப்பிய தொட்டியின் கொக்கி ஒடிந்து, அது சுருளியின் மேல் விழுந்தது. கொக்கி வளையவில்லை, நெளியவில்லை, பட்டென்று ஒடிந்தது என்று கூட நின்றவர்கள் சொன்னார்கள்.

வேலுத்தாய் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "ஒரு வெசை மெதுவாப் பிடிச்சிருந்தா எம் புருசன் இருந்திருப்பான்ல" என்று மட்டும் மாமாவைப் பார்த்துக் கேட்டாள். அவள் போன பிறகு மாமா என்னிடம், "எப்பயும் பிடிக்கிற பிடிதான் புள்ள பிடிச்சேன்" என்றார். அதையே இரவு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே புதிதாகக் கேரளம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். சுருளி செத்தது கீழே மதுரை ஜில்லாவில் என்பதால் போடிப் போலீஸ் மலையேறி வந்து மாமாவைக் கூட்டிப்போனது. சிலமலையிலிருந்து சின்னமுத்துச் சித்தப்பா வந்து ஜாமீன் நின்று வெளியே கொண்டுவந்தார். அஜாக்கிரதையால் உயிர்ச்சேதம் என்று வழக்கு. விஞ்சுப் பக்கம் இனி வரவேண்டாம் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

ஒடிந்த கொக்கியையும், கயிற்றிலிருந்து கழற்றிய வேறு இரண்டையும் கல்கத்தாவுக்குச் சோதனைக்கு அனுப்புகிறார்களாம். அது உங்கள் இடமா? உன் கையில் வந்து சேர்ந்தால் நாங்கள் பிழைத்தோம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா


கல்கத்தா
11 ஜனவரி 1957

அன்புள்ள அக்காவுக்கு,

செய்தி படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. சுருளி அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனது ஞாபகம் வருகிறது. மாமா சாப்பிடுகிறாரா? நீ தூங்குகிறாயா?

கொக்கிகள் எங்களிடம்தான் வந்தன. என் மேஜைக்கே வந்திருக்கின்றன. இதில் ஒரு விஷயத்தை நீ புரிந்துகொள்ள வேண்டும். வழக்கில் இருப்பவர் என் அக்காள் புருஷன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். நான் சொல்லவில்லை. நீயும் அங்கே யாரிடமும் என் பேரை எடுக்க வேண்டாம், மானேஜரிடம் கண்டிப்பாக வேண்டாம்.

என்னால் ஆனதைச் செய்கிறேன். தைரியமாக இரு.

உன் தம்பி,
காசிராஜன்


எஸ்டேட் லைன்
9 பிப்ரவரி 1957

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

உங்கள் ரிப்போர்ட் வந்துவிட்டது. மானேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து அதைத் தமிழில் சொன்னார். இரும்பு நல்ல இரும்பு. தாங்க வேண்டிய பாரத்தைப் போல் பல மடங்கு தாங்கியது. ஒடியும் முன் நன்றாக நீண்டது. ஆகவே கொக்கியில் குறையில்லை, பிடித்த கையில்தான் குறை. இதைக் கேட்டதும் ஜனம் முழுக்கத் திரும்பி மாமாவைப் பார்த்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். கல்கத்தாவில் கையெழுத்துப் போட்டது என் தம்பி என்று சொல்ல முடியாமல் நின்றதை நான் மறக்க மாட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் நீ ஆடி மாதம் எழுதியது எனக்கு மறக்கவில்லை. மெல்ல இழுத்தால் ஒன்று, வெடுக்கென்று இழுத்தால் வேறு என்று எழுதினாயே. மாமாவின் கொக்கியை நீ எப்படி இழுத்தாய்? வெற்றிலை மென்று துப்புகிற நேரம் எடுத்தா? இங்கே தொட்டி விழுந்தபோது எவரும் வெற்றிலை மென்றுகொண்டிருக்கவில்லை, தம்பி.

பதில் எழுது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கல்கத்தா
26 பிப்ரவரி 1957

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதத்தில் இருந்த கோபம் எனக்குப் புரிகிறது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பது ஒன்றுதான் இப்போது எனக்கு ஆறுதல்.

எஸ்டேட்டார் கேட்டது வழக்கமான மெல்லிழுப்புச் சோதனை மட்டும்தான். அதை முறைப்படி செய்தேன். அதில் எழுதியது பொய் அல்ல. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது, கேட்காததை எழுத நமக்கு உரிமையில்லை என்று டைரக்டர் சொல்லிவிட்டார். நான் வற்புறுத்தினால் உனக்கென்ன இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்பார். என்ன சொல்வேன்?

மூன்றாவது கொக்கியை என் சொந்த ஆவலில், ஒரு விடுமுறை நாளில், வேறு விதமாகச் சோதித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். உள்ளே மணிகள் மிகவும் பெருத்துக் கிடக்கின்றன. ஃபாக்டரியிலிருந்து வந்தபோது அப்படி இருந்திருக்க வழியில்லை. இந்தக் கொக்கிகள் எப்போதாவது கடுந்தீயில் நெடுநேரம் கிடந்தனவா? தீப்பிடித்த இடத்தில் மாட்டிக்கொண்டனவா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேறொரு செய்தி. நம் நாட்டில் புது எஃகு ஆலைகள் வரப் போகின்றன. அதற்காக ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்ப ஆள் எடுக்கிறார்கள். டைரக்டர் என் பேரைச் சிபாரிசு செய்திருக்கிறார். இந்த நேரத்தில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

உன் தம்பி,
காசிராஜன்


எஸ்டேட் லைன்
12 மார்ச் 1957

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஜெர்மனிச் செய்தியை மாமாவிடம் படித்துக் காட்டினேன். டிசம்பருக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். "மாப்ள பெரிய ஆளாயிருவான்" என்று லைன் வீடுகள் முழுக்கப் போய்ச் சொல்ல ஆசை அவருக்கு. யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பதுதான் தெரியவில்லை.

நீ தீயைப் பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. மாமாவைப் போலக் கொக்கிகளைக் கவனித்தவர் இந்த மலையில் எவரும் இல்லை என்பதை நீயாவது தெரிந்துகொள். பழைய இரும்புக் கொக்கிக் காலத்திலிருந்தே ரோப்புக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முன்னால் கொக்கிகளைக் கழற்றி, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் அடுப்பில் போட்டு, சிவக்கச் சிவக்கச் சுட்டு, சாம்பலிலேயே ஆறவிட்டு எடுத்தால் வருஷம் முழுக்கப் பாரம் இழுத்த அசதி இரும்பை விட்டுப் போய்விடும். பழைய கொக்கிகள் அப்படித்தான் இத்தனை வருஷம் உழைத்தன. மற்றவர்கள் ஏனோதானோ என்று ஒரு பொழுது போட்டு எடுப்பார்கள். புதுக் கொக்கி, விலை கூடின கொக்கி என்று மாமா இரண்டு ராத்திரி தூங்காமல், துருத்தி வைத்து ஊதி, வெள்ளைச் சிவப்பு வருகிற வரைக்கும் சுட்டார். எல்லாக் கொக்கியையும் அவரே சுட்டார், வேறு ஒரு கை படவிடவில்லை. அதற்கு விறகு கொடுத்தவரே மானேஜர்தான். பூஜையன்று அவற்றுக்குச் சந்தனம் வைத்தபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இதைக் கோர்ட்டில் சொன்னால் அஜாக்கிரதை என்கிற பேச்சுக்கே இடமில்லை அல்லவா? நீயே நேரில் வந்து, அவர் இவ்வளவு பாடுபட்டார், மெல்ல இழுப்பது வேறு, குலுக்கி இழுப்பது வேறு என்று நீதிபதிக்கு எடுத்துச் சொல்லேன். உன்னைத் தவிர எங்களுக்குச் சொல்லத் தெரிந்தவர் யார்?

மாமாவுக்கு வேலை இல்லாததால் நான் அடிவாரத்தில் அரிசி ஏற்றப் போகிறேன். சுருளி நின்ற இடம்தான். வேலுத்தாயும் அங்கேதான் வேலை செய்கிறாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நாள் முழுக்க எங்கள் இருவர் தலைக்கு மேலும் தொட்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன.

உடனே பதில் போடு.

அன்புடன்,
அக்கா


எஸ்டேட் லைன்
28 மே 1957

தம்பி காசிராஜனுக்கு,

நான் மார்ச்சில் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று முதலில் பயந்தேன். பிறகு சித்தப்பாவுக்கு நீ ஜெர்மனிக்குத் துணி தைக்கக் கொடுத்ததைப் பற்றிக் கடிதம் போட்டது தெரிந்தது. தையல்காரன் அளவெடுத்தது வரை எழுதியிருந்தாயாமே. சந்தோஷம்.

ஜூலைக் கடைசியில் விசாரணை. மாமா தினமும் ஜீப்பு வருகிற வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "மாப்ள வருவான். வந்து ரெண்டு வார்த்த சொன்னாப் போதும்" என்கிறார். எனக்கு அவரிடம் என்ன சொல்வது என்று எழுது. நீ வருவாயா, மாட்டாயா?

அக்கா


கல்கத்தா
15 ஜூன் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. பாஸ்போர்ட்டு, டாக்டர் பரிசோதனை, ஜெர்மன் பாஷை வகுப்பு என்று அலைச்சல். உன்னையும் மாமாவையும் நினைக்காமல் ஒரு நாளும் போகவில்லை.

நான் வர முடியாது. வந்தால் நான் இன்னார் என்று தெரிந்துவிடும். உறவை மறைத்துச் சோதனை செய்தவன் என்று ரிப்போர்ட்டையே தள்ளிவிடுவார்கள். என் வேலையும் போகும். அதனால் மாமாவுக்கு ஒரு நன்மையும் இல்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய். கொக்கிகளைத் தீயில் போட்ட விஷயத்தை மாமா கோர்ட்டில் வாயெடுக்கவே கூடாது. வக்கீலிடமும் சொல்ல வேண்டாம். காரணம் கேட்காதே. எழுத்தில் வைக்க முடியாது. உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன் என்று நம்பு.

அடிவாரத்து வேலை உனக்குக் கஷ்டமாக இருக்கும். முடிந்தால் மேலே காய் பறிப்பிலோ ஸ்டோரிலோ வேலை கேட்டுப் பார். உடம்பைக் கவனித்துக்கொள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி பம்பாயில் கப்பல்.

உன் தம்பி,
காசிராஜன்


போடிநாயக்கனூர்
4 ஆகஸ்ட் 1957

காசிராஜனுக்கு,

நீ கப்பல் ஏறுவதற்குள் இது கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பம்பாய் விலாசத்துக்கு எழுதுகிறேன். மாமாவுக்கு ஒரு வருஷம் போட்டுவிட்டார்கள். மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தீயைப் பற்றிப் பேசாதே என்று நீ எழுதியதை அவரிடம் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. "நான் என்ன திருடுனேனா மறைக்க? மாப்ளைக்கு நம்ம பழக்கம்னா வெக்கமாப் போச்சு" என்றார். ஆனாலும் நீ சொல்லிவிட்டாய் என்று முதலில் அடக்கிக்கொண்டுதான் இருந்தார். எஸ்டேட் வக்கீல் எழுந்து, இந்த ஆள் கொக்கிகளை ஒரு நாளாவது கவனித்ததுண்டா, எண்ணெயாவது போட்டதுண்டா என்று கேட்டார். அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அதை மட்டும் சொல்லக்கூடாது. நிமிர்ந்து நின்று, ரெண்டு ராத்திரி கண் முழித்து, துருத்தி வைத்து, வெள்ளைச் சிவப்பு வருகிற மட்டும் தன் கையால் சுட்டு எடுத்ததைச் சொன்னார். நல்ல பேர் வாங்குகிற பிள்ளை மாதிரி ஒன்று விடாமல் சொன்னார்.

கொக்கி செய்த கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்தக் காலத்து இரும்புக்கு அந்தச் சூடு நல்லது, இந்த எஃகுக்கு அதுவே விஷம் என்றார் அவர். இப்படிச் சுட்டால் உள்ளே மணிகள் பெருத்துவிடும். மெல்ல இழுத்தால் குறையே தெரியாது, நன்றாக நீளும். ஒரு குலுக்கு விழுந்தால் ஒடிந்துவிடும். மாமா பிடித்தது சாதாரணப் பிடியாகவே இருந்திருக்கலாம், அதுவே போதும் என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை. நீ ஒரு துண்டை ஆகஸ்டில் எழுதினாய், ஒரு துண்டைப் பிப்ரவரியில் எழுதினாய். இரண்டையும் நானே சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். எட்டாவது வரை படித்த மூளைக்கு அது எட்டவில்லை. எம்.எஸ்ஸி. படித்த மூளைக்கு எட்டியிருந்தது.

விறகு கொடுத்த மானேஜர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். நீதிபதி கடைசியில், பிரேக்கு பிடித்த கையும் இவன் கை, சுட்ட கையும் இவன் கை என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். இன்ஜினியர் பேசி முடித்ததும் மாமா செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. தனக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அய்யா, அப்ப மிச்சக் கொக்கியும் நான் சுட்டதுதான். இன்னிக்கும் அதுலதான் லோடு போகுது. கீழ பொம்பளையாளுக நிக்கிறாக. ரோப்ப வெரசா நிறுத்தச் சொல்லுங்கய்யா" என்றார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. மானேஜர் எழுந்து போய் டெலிபோன் பண்ணித் திரும்பி வந்து, நிறுத்தியாச்சு என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

இது உனக்கு ஏன் தோன்றவில்லை, காசி? மூன்றாவது கொக்கியை நீ குலுக்கி உடைத்துப் பார்த்துவிட்டாய். எல்லாக் கொக்கியையும் சுட்டார் என்று நானே என் கையால் உனக்கு எழுதினேன். அவற்றின் கீழேதான் நிற்கிறேன் என்றும் அதே காகிதத்தில் எழுதினேன். மார்ச்சிலிருந்து ஜூலை முடிய நானும் வேலுத்தாயும் இன்னும் எத்தனையோ பேரும் அங்கே நின்றோம். நீ எங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொன்னாய். காய் பறிப்பில் வேலை கேட்டுப் பார் என்றாய். நான் வேலை மாறியிருந்தால் என் இடத்தில் வேறொருத்தி நின்றிருப்பாள். அவள் எக்கேடு கெட்டால் என்ன என்றுதானே விட்டாய்?

காரணத்தை நீ எழுதியிருந்தால் மாமாவுக்குத் தண்டனை குறைந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை கூடியிருக்கும். ஆனால் கடிதம் வந்த அன்றைக்கே அவர் மானேஜரை உதைத்தாவது கயிற்றை நிறுத்தியிருப்பார். தன் கைதான் சுருளியைக் கொன்றது என்பதை என்னிடமிருந்து கேட்டிருப்பார். அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருப்பார். அத்தனை பேர் பார்க்க, கோட்டுப் போட்ட ஒருவன் வாயிலிருந்து அதைக் கேட்கும்படி ஆகியிருக்காது. சுருளியோடு அவர் ஒரே தட்டில் சாப்பிட்டவர் என்பது உனக்கும் தெரியும்.

நேற்று சட்டி பானைகளை எடுக்க லைனுக்குப் போனேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கயிறு ஓடாமல் நிற்கிறது. தொட்டிகள் வழி நெடுகத் தொங்கின இடத்திலேயே தொங்குகின்றன. நான் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது வேலுத்தாய் வந்தாள். டிசம்பருக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு வாசல்படி ஏறியது அப்போதுதான். மூட்டையின் மறு முனையைப் பிடித்து இறுக்கிக் கட்டினாள். கோர்ட்டில் மாமா சொன்னது அவள் காதுக்கு வந்திருந்தது. விசாரணையன்று நான் போடியில் இருந்ததால் என் வேலையையும் அவள்தான் சேர்த்துச் செய்துகொண்டிருந்தாளாம். திடீரென்று கயிறு நின்றதும் என்னவோ ஏதோ என்று எல்லோரும் ஓடினார்களாம்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "கல்கத்தாவுல இரும்பு ஒடைக்கிற எடத்துலதான ஒன் தம்பி இருக்கான். அவனுக்கு இது முன்னாடியே தெரியுமாக்கா?"

தெரியாது என்று சொன்னேன். புருஷனைப் பறிகொடுத்தவளின் முகத்துக்கு நேரே, கண் கூசாமல், சத்தியம் பண்ணிச் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். "அதான, தெரிஞ்சிருந்தா அக்காள விட்ருப்பானா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உனக்காக நான் செய்த கடைசிக் காரியம் அதுதான். இனி எனக்கு எழுதாதே.

அன்னக்கொடி